யாரும் போய்ப் பார்க்காததை எப்படிச் சொல்கிறார்கள்? நட்சத்திரம், விண்மீன் திரள், காஸ்மிக் கதிர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானம் காட்டும் இரவுகளில் தொலைநோக்கியின் பக்கத்தில் நிற்பவன் நான். பல ஆண்டுகளாக அதே கேள்விகள் வேறு வேறு வாய்களிலிருந்து வருகின்றன. சனியின் வளையத்தைப் பார்த்து முடித்ததும் "அவ்வளவு தூரம் என்று எப்படித் தெரியும்?" என்பார்கள். கிளம்பும்போது காஸ்மிக் கதிர் பற்றி ஒரு பயம் கட்டாயம் எட்டிப்பார்க்கும். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைக் கீழே வைத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை.

மின்னினால் நட்சத்திரம், மின்னாவிட்டால் கோள். இது சரியா?

பெரும்பாலும் சரி. நட்சத்திரம் நமக்கு வெறும் புள்ளி. அதன் ஒளிக்கீற்றைக் காற்று இப்படியும் அப்படியும் அசைக்கும்போது மின்னுகிறது. கோள் மிகச் சிறியதானாலும் ஒரு வட்டு. வட்டின் ஒரு பகுதி மங்கும் நேரத்தில் இன்னொரு பகுதி தெளியும், கண்ணுக்கு நிலையாகத் தெரியும். அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது கோளும் மின்னும், அப்போது ஏமாறாதீர்கள். உண்மையான வேறுபாடு மின்னுவதில் இல்லை. தன் மையத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக்கிச் சொந்தமாக ஒளிர்வது நட்சத்திரம். அதற்குச் சூரியனின் எடையில் சுமார் 8 சதவீதமாவது வேண்டும்.

ஒருத்தரும் போனதில்லை. அதில் என்ன இருக்கிறது என்று மட்டும் எப்படிச் சொல்கிறீர்கள்?

இந்தச் சந்தேகத்துக்கு மதிப்பான முன்னோடி உண்டு. 1835இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆகஸ்ட் காம்ட், நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்பதை மனிதன் ஒருபோதும் அறிய முடியாது என்று எழுதினார். விடை அப்போதே ஒருவர் கையில் இருந்தது, பொருள்தான் புரியவில்லை. 1814இல் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தில் விரித்துப் பார்த்து, வானவில் பட்டையின் குறுக்கே 500க்கும் மேற்பட்ட கருங்கோடுகளைக் குறித்து வைத்திருந்தார். 1859இல் கிர்ச்சாஃபும் புன்சனும் அந்தக் கோடுகளைப் படிக்கக் கற்றார்கள். உப்பைத் தீயில் தூவினால் சுடர் மஞ்சளாகும்; அந்த மஞ்சள் சோடியத்தின் கைரேகை. ஒவ்வொரு தனிமத்துக்கும் அப்படி ஒரு கைரேகை உண்டு. 1868 ஆகஸ்ட் சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் இருந்து ஜான்சன் நிறமாலையை ஆராய்ந்தார். அந்த ஆண்டு சூரியனில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. அதற்கு ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். பூமியில் ராம்சே அதைப் பிடித்தது 1895இல்தான். சூரியனில் கண்டுபிடித்து 27 ஆண்டு கழித்து நம் காலடியில் கிடைத்த பொருள் அது.

ஆனால் கோடு கருமையாக இருப்பதால் அந்தப் பொருள் நிறைய இருக்கிறது என்று பொருளில்லை. வெப்பநிலை மாறினால் கோட்டின் வலிமையும் மாறும். அந்தக் கணக்கை 1920இல் மேக்நாத் சாகா கொடுத்தார். அதை வைத்து 1925இல் சிசிலியா பெய்ன் தன் முனைவர் பட்ட ஆய்வில் நட்சத்திரங்களில் ஹைட்ரஜனும் ஹீலியமுமே மிகப் பெரும்பங்கு என்று காட்டினார். நட்சத்திரமும் பூமியைப் போன்ற கலவைதான் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அன்றைய பெரியவர் ஹென்றி நாரிஸ் ரசல் 'இருக்கவே முடியாது' என்றார். பெய்னும் ஆய்வேட்டில் அந்த முடிவை அடக்கி வாசித்தார். 4 ஆண்டு கழித்து ரசலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார்.

தூரத்தை எப்படி அளக்கிறார்கள்? டேப் வைத்தா?

கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு அடுத்த கண்ணை. விரல் பின்னணிக்கு எதிரே நகரும். அந்த நகர்வுதான் டேப். பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் இரு முனைகளை இரு கண்களாக வைத்துக்கொண்டால் அருகில் உள்ள நட்சத்திரம் தொலைவில் உள்ளவற்றின் எதிரே சற்றே நகர்ந்து தெரியும். இதை முதலில் 1838இல் வெற்றிகரமாக அளந்து வெளியிட்டவர் பெசல். நட்சத்திரம், அன்னம் மண்டலத்தின் 61 என்ற எண்ணுடையது. அளந்த கோணம், 6 கிலோமீட்டருக்கு அப்பால் பிடித்த 1 செ.மீ. பொருளின் அகலம் அளவுதான். இன்று இதே வேலையைக் கையா விண்கலம் செய்து முடித்திருக்கிறது: 2013 இறுதியில் ஏவப்பட்டு, சுமார் 180 கோடி நட்சத்திரங்களை அளந்து, 2025இல் ஓய்வு பெற்றது.

நம் பால்வீதியைப் போன்ற மற்ற விண்மீன் திரள்களுக்கு இந்த முறை எட்டாது. அங்கே ஹென்ரியட்டா லெவிட் கைகொடுக்கிறார். சீராகக் கூடிக் குறைந்து ஒளிரும் செஃபீட் வகை நட்சத்திரங்களில், துடிப்பு எவ்வளவு மெதுவோ உண்மை ஒளி அவ்வளவு அதிகம் என்று 1912இல் அவர் காட்டினார். துடிப்பை எண்ணினால் விளக்கு எத்தனை வாட் என்று தெரிந்துவிடும். எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதிலிருந்து தூரம் கிடைத்துவிடும். 1923இல் ஹப்பிள் ஆண்ட்ரோமெடாவில் அப்படி ஒரு நட்சத்திரத்தைக் கண்டு, ஒளிப்படத் தகட்டின் மேலேயே ஆச்சரியக்குறியோடு 'மாறும்!' என்று எழுதி வைத்தார். அது நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனித் திரள் என்பது அன்றைக்கு முடிவானது.

ஒரு முறையின் மேல் அடுத்த முறை ஏறி நிற்கும் இந்த ஏணியில் ஒரு ஆபத்து உண்டு. கீழ்ப்படி ஆடினால் மேலே எல்லாம் ஆடும். செஃபீடில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கிறோம் என்று 1952இல் பாடே சொன்னார். ஒரே அறிவிப்பில் திரள்களின் தூரங்கள் சுமார் இரண்டு மடங்காயின. ஆண்ட்ரோமெடாவுக்கு இன்றைய கணக்கு சுமார் 25 இலட்சம் ஒளியாண்டு (ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் போகும் தூரம்).

நாம் பார்க்கும் நட்சத்திரமெல்லாம் ஏற்கெனவே செத்துப்போனவையாமே?

இதைக் கேட்காத இரவு இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது, உண்மைதான் இல்லை. வெறுங்கண்ணுக்குத் தெரிபவை பெரும்பாலும் ஆயிரம் ஒளியாண்டுக்குள் இருப்பவை. சில மட்டும் சில ஆயிரம் ஒளியாண்டு தொலைவு. மிகக் குறுகிய ஆயுள் கொண்ட ராட்சத நட்சத்திரம்கூடச் சில பத்து இலட்சம் ஆண்டு வாழும். ஒருவரின் சென்ற வாரப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு "இவர் இப்போது இருக்க மாட்டார்" என்று சொல்வது போன்றது இந்தக் கூற்று.

திருவாதிரையைத்தான் உடனே எடுத்துக்காட்டுவார்கள். அது வெடிக்கப்போகும் நட்சத்திரம்தான். ஆனால் அந்த 'போகும்' என்பதற்கு ஓர் இலட்சம் ஆண்டு வரை அவகாசம் இருக்கலாம். தூரமோ சில நூறு ஒளியாண்டு. இடைப்பட்ட அந்தச் சில நூறு ஆண்டில் வெடித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2019 இறுதியில் அது மங்கியபோது பலர் நாள் குறித்தார்கள். அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்ததுதான் காரணம். நூறு கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருக்கும் திரள்களின் நீலப் பெருநட்சத்திரங்களைப் பற்றிச் சொன்னால் மட்டும் கூற்று சரி. அவற்றைத் தனித்தனியாக வெறுங்கண்ணால் நாம் பார்ப்பதில்லை.

விண்வெளியில் ஆக்சிஜன் கிடையாது. பிறகு சூரியன் எப்படி எரிகிறது?

எரியவில்லை. சூரியன் முழுக்க நிலக்கரியாக இருந்து எரிந்திருந்தால் சில ஆயிரம் ஆண்டில் தீர்ந்திருக்கும். தன் எடையால் சுருங்கிச் சூடாகிறது என்று வைத்தாலும் சில கோடி ஆண்டுதான் தாங்கும். பூமியின் பாறைகளோ அதைவிட எவ்வளவோ பழையவை. 1920இல் எடிங்டன் சரியான திசையைக் காட்டினார், 1939இல் பேத்தே வழியை முழுதாக எழுதினார்: மையத்தில் 1.5 கோடி டிகிரியில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. ஒவ்வொரு நொடியும் சுமார் 40 இலட்சம் டன் நிறை ஆற்றலாக மாறுகிறது.

இதைச் சொன்னதும் எல்லோர் மனத்திலும் ஓயாத அணுகுண்டு ஒன்று வெடிக்கும். சூரிய மையத்தில் ஒரு கன மீட்டருக்கு வெளிப்படும் ஆற்றல் சில நூறு வாட்தான். அதே கன அளவுக்குக் கணக்குப் போட்டால் உங்கள் உடம்பு அதைவிட அதிகம் சூடு தருகிறது. சூரியன் பெரியது, அதுதான் அதன் பலம்.

சரி, மையத்தை யார் பார்த்தது? நியூட்ரினோக்கள் வழியாகப் பார்த்தோம். அணுக்கரு இணைப்பில் பிறக்கும் இந்தத் துகள்கள் எதிலும் சிக்காமல் வெளியேறிவிடும். உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியே நொடிக்கு 6,000 கோடிக்கும் மேல் போகின்றன, இரவிலும்தான். 1960களின் இறுதியில் ரேமண்ட் டேவிஸ் ஒரு தங்கச் சுரங்கத்தின் அடியில் உலர்சலவைக்குப் பயன்படும் திரவத்தைத் தொட்டி நிறைய வைத்து அவற்றைப் பிடித்தார். கோட்பாடு சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. மிச்சம் எங்கே என்பதைக் கடைசிக் கேள்விகளில் பார்ப்போம்.

இணையத்தில் வரும் வண்ணப் படங்கள் நிஜமா? தொலைநோக்கியில் சாம்பல் திட்டுதானே தெரிகிறது?

ஏமாந்த முகத்தோடு கண்ணை எடுப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது: குறை உங்கள் கண்ணில், படத்தில் இல்லை. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் கண் செல்களுக்கு நிறம் தெரியாது. கேமரா மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும்; கண்ணால் அது முடியாது.

நிறம் நிஜமா என்றால், படத்துக்குப் படம் மாறும். 1995இல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பும் ஹைட்ரஜனுக்குப் பச்சையும் ஆக்சிஜனுக்கு நீலமும் கொடுத்திருக்கிறார்கள்; எந்த வாயு எங்கே என்று பிரித்துக் காட்ட. வெப் தொலைநோக்கி பார்ப்பது கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு. அதில் நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்று வரிசை மாறாமல் இறக்கித் தருகிறார்கள். எட்டாத சுருதியில் உள்ள பாட்டை நம் தொண்டைக்கு ஏற்பச் சுருதி மாற்றிப் பாடுவது போல. ராகம் மாறாது. 2019இல் வந்த கருந்துளைப் படத்தின் ஆரஞ்சு நிறம் மட்டும் முழுக்கத் தேர்வு செய்தது; அது ரேடியோ அலையில் எடுத்தது.

காஸ்மிக் கதிர் என்றால் ஒருவித ஒளியா?

இல்லை, பெயர்தான் தவறாக ஒட்டிக்கொண்டது. 1925இல் மில்லிகன் இந்தப் பெயரை வைத்தபோது அது காமா கதிர் போன்ற ஒன்று என்று நினைத்தார். உண்மையில் அவை துகள்கள். சுமார் 90 சதவீதம் புரோட்டான்கள், மிச்சத்தில் பெரும்பாலும் ஹீலியம் அணுக்கருக்கள், கொஞ்சம் இரும்பு வரை கனமானவை, சிறிதளவு எலெக்ட்ரான்கள். எல்லாம் ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறப்பவை.

கண்டுபிடித்தவர் விக்டர் ஹெஸ். காற்றில் எப்போதும் சிறிது மின்னேற்றம் இருப்பதற்குத் தரையின் கதிரியக்கமே காரணம் என்று அன்று நினைத்தார்கள். அப்படியானால் மேலே போகப்போகக் குறைய வேண்டும். 1912 ஆகஸ்ட் 7 அன்று அவர் பலூனில் சுமார் 5,300 மீட்டர் உயரம் போனார். கருவி குறைத்துக் காட்டவில்லை, சில மடங்கு கூட்டிக் காட்டியது. ஏதோ மேலிருந்து வருகிறது. சூரியனோ என்று பார்க்க அதே ஆண்டு ஏப்ரலில் கிரகண நேரத்திலும் பறந்திருந்தார், அளவு குறையவில்லை. பிறகு 1930களில் காம்ப்டன் குழு உலகம் முழுக்க அளந்ததில், நிலநடுக்கோட்டருகே குறைவாகவும் துருவத்தை நோக்கி அதிகமாகவும் வருவது தெரிந்தது. பூமியின் காந்தம் அவற்றை வளைக்கிறது என்றால் அவை மின்னூட்டம் கொண்டவை. ஒளியைக் காந்தம் அப்படி வளைக்காது.

"இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர் பூமியைக் கடக்கிறது, மொபைலை அணைத்துத் தூர வைக்கவும்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

வருடா வருடம் வரும். நாசா சொன்னது, பிபிசி சொன்னது என்றும் கூட வரும். யாரும் சொல்லவில்லை. காஸ்மிக் கதிர் 12.30க்கு வந்து 3.30க்குக் கிளம்பும் ரயில் அல்ல. நீங்கள் இதைப் படிக்கும் நொடியிலும் வந்துகொண்டிருக்கிறது. மொபைலை அணைத்தால் பேட்டரி மிஞ்சும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் இப்போது என் உடம்பின் வழியே போகிறதா? ஒன்றும் ஆகாதா?

போகிறது, ஆனால் மூலத் துகள் அல்ல. அது காற்று மண்டலத்தின் உச்சியில் ஓர் அணுக்கருவில் மோதிச் சிதறி, சிதறியவை மறுபடி மோதி, ஒரு துகள் மழையாக இறங்கும். தரைக்கு அதிகம் வந்து சேர்வது மியூவான், எலெக்ட்ரானைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான துகள். விரித்த உள்ளங்கையில் நொடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மியூவானின் ஆயுள் ஒரு நொடியில் 10 இலட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் 660 மீட்டருக்குள் சிதைய வேண்டியது, 15 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எப்படி வந்து சேர்கிறது? வேகமாக ஓடுவதன் கடிகாரம் நமக்கு மெதுவாக நடக்கிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் புத்தகத்துக்குள் மட்டும் இருப்பதல்ல, உங்கள் உள்ளங்கையைத் துளைத்துப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆபத்தைப் பற்றி: இயற்கையாக ஒருவர் ஆண்டுக்கு வாங்கும் கதிர்வீச்சின் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். அதில் கடல்மட்டத்தில் காஸ்மிக் கதிரின் பங்கு 0.3 முதல் 0.4 வரைதான். உயிரினங்கள் தோன்றியதிலிருந்து இந்த மழையில்தான் நனைந்துகொண்டிருக்கின்றன. காற்றின் கூரையை விட்டு வெளியே போனால் கதை வேறு. கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்தது நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட். கண்ணை மூடிக்கொண்டாலும் ஒளிப்பொறிகள் தெரிகின்றன என்று அப்போலோ வீரர்கள் சொன்னதற்கும் காஸ்மிக் கதிர்களே காரணம்.

கணினிக்கும் இது தொல்லைதான். நினைவகத்தில் ஒரு 0 மாறி 1 ஆகிவிடலாம். 2003இல் பெல்ஜியத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்குச் சரியாக 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. அது 2-இன் 12ஆம் அடுக்கு, அதாவது ஒரே ஒரு பிட் புரண்ட அடையாளம். புரட்டியது காஸ்மிக் கதிர் என்பது ஊகம், நிரூபணம் இல்லை. விமானக் கருவிகளிலும் செயற்கைக்கோள்களிலும் இப்படிப் புரள்வதைத் தாங்கும்படி வடிவமைப்பது மட்டும் அன்றாட நடைமுறை.

எல்லாத் திரள்களும் நம்மைவிட்டு விலகிப் போகின்றன என்றால் நாம்தானே நடுவில்?

ஓர் எலாஸ்டிக் நாடாவில் 1 செ.மீ. இடைவெளியில் வரிசையாகப் புள்ளி வையுங்கள். நாடாவை இரண்டு மடங்காக இழுங்கள். எந்தப் புள்ளியில் உட்கார்ந்து பார்த்தாலும் பக்கத்துப் புள்ளி 1 செ.மீ. விலகியிருக்கும், அதற்கடுத்தது 2 செ.மீ., அதற்கடுத்தது 3. தூரம் கூடினால் விலகும் வேகமும் கூடும். 1927இல் லெமேத்ரும் 1929இல் ஹப்பிளும் திரள்களிடம் கண்டது இதே விகிதம். எல்லாப் புள்ளியும் தன்னை நடு என்றே நினைக்கும்.

பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. ஆனால் 4,600 கோடி ஒளியாண்டு தூரம் வரை பார்க்கிறோம் என்கிறார்கள். கணக்கு உதைக்கிறதே?

உதைக்கவில்லை. ஒளி 1,380 கோடி ஆண்டு பயணம் செய்தது உண்மை. அது கிளம்பிய இடம் அந்த நேரம் முழுக்க, மேலே சொன்ன நாடா போல, விலகிக்கொண்டே இருந்தது. அந்த இடம் இன்று எங்கே இருக்கிறது என்பதுதான் 4,600 கோடி. 'ஒளியைவிட வேகமாகவா?' என்று அடுத்து கேட்பீர்கள். வெளிக்குள் எதுவும் ஒளியை முந்தாது. அந்த வெளி தானே விரிவதற்கு அந்தத் தடை இல்லை.

எல்லாம் விலகுகிறது என்றீர்கள், ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி வருகிறதாமே?

வருகிறது, நொடிக்குச் சுமார் 110 கி.மீ. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் திரள்களிடையே ஈர்ப்பு வெல்லும்; விரிவு தொலைவில்தான் ஆட்சி செய்யும். 400–500 கோடி ஆண்டில் மோதல் நிச்சயம் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். 2025இல் வந்த ஆய்வு அடுத்த 1,000 கோடி ஆண்டில் இணைவதற்கான வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி என்கிறது. பக்கத்தில் உள்ள மற்ற திரள்களின் இழுப்பைச் சேர்த்துப் போட்ட கணக்கு அது. இனிமேல் 'மோதலாம்' என்றுதான் சொல்கிறேன்.

காஸ்மிக் கதிரும் காஸ்மிக் பின்னணிக் கதிர்வீச்சும் ஒன்றா?

வேறு வேறு. இரண்டாவது உண்மையிலேயே ஒளி, மைக்ரோ அலை வடிவில். பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டு கழித்து, அதுவரை எலெக்ட்ரான்களிடையே சிக்கித் தவித்த ஒளி விடுபட்டது. அன்று சில ஆயிரம் டிகிரியாக இருந்தது, வெளி விரிந்ததில் நீண்டு ஆறி இன்று 2.7 கெல்வின். 1964இல் பென்சியாஸும் வில்சனும் தங்கள் ஆன்டெனாவில் எந்தத் திசையில் திருப்பினாலும் போகாத ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். உள்ளே கூடு கட்டிய புறாக்களைத் துரத்தி, எச்சத்தை வழித்தெறிந்து பார்த்தும் போகவில்லை. இப்படி ஒன்று இருக்கும் என்று ஆல்ஃபரும் ஹெர்மனும் 1948லேயே கணக்குப் போட்டு எழுதியிருந்தார்கள். 1978இல் நோபல் பரிசு இரைச்சலைக் கேட்டவர்களுக்குப் போனது. கணக்குப் போட்டவர்களுக்கு இல்லை. எனக்கு இது இன்னும் உறுத்தும்.

காஸ்மிக் கதிர் எங்கிருந்து வருகிறது? வரும் திசையைப் பார்த்தால் தெரியாதா?

தெரியாது, அதுதான் நூறு ஆண்டுச் சிக்கல். மின்னூட்டம் உள்ளதைப் பால்வீதியின் காந்தப்புலம் வளைத்து வளைத்து, கிளம்பிய திசையையே அழித்துவிடும். ஆகவே மூலத்தைத் தேடுபவர்கள் வளையாத தூதர்களைத் தேடுகிறார்கள்: காமா கதிர், நியூட்ரினோ. நட்சத்திரம் வெடித்துச் சிதறும் சூப்பர்நோவாவின் எச்சங்களே உலை என்ற எண்ணம் 1934இல் பாடேயும் ஸ்விக்கியும் தந்தது. எப்படி வேகம் ஏறுகிறது என்பதற்கு 1949இல் ஃபெர்மி ஒரு வழி சொன்னார், பின்னால் வந்தவர்கள் அதை வெடிப்பின் அதிர்ச்சி அலைக்குப் பொருத்தினார்கள். அதிர்ச்சி அலையின் இருபுறமும் உள்ள காந்தக் குழப்பம், நெருங்கி வரும் இரண்டு மட்டைகள் போல. நடுவே மாட்டிய பந்து ஒவ்வோர் அடிக்கும் வேகம் கூட்டும். 2013இல் ஃபெர்மி விண்தொலைநோக்கி இரண்டு சூப்பர்நோவா எச்சங்களின் காமா ஒளியில், புரோட்டான்கள் வாயுவில் மோதினால் மட்டுமே கிடைக்கும் தடயத்தைக் கண்டது.

மிக உயர்ந்த ஆற்றல் கொண்டவை பால்வீதிக்கு வெளியிலிருந்து வருகின்றன என்பதை அர்ஜென்டினாவின் பியர் ஓஜே ஆய்வகம் 2017இல் நிறுவியது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று தென்துருவப் பனிக்குள் ஒரு கன கிலோமீட்டரை உணர்கருவியாக்கிய ஐஸ்கியூப் ஒரு நியூட்ரினோவைப் பிடித்தது. அது வந்த திசையில், மையக் கருந்துளையிலிருந்து நம்மை நோக்கித் துகள் பீச்சும் ஒரு தொலைதூரத் திரள் அப்போது காமா ஒளியில் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஒரு முகவரி கிடைத்திருக்கிறது. ஊர் முழுக்க இன்னும் தேட வேண்டும்.

இதுவரை வந்ததிலேயே பலமானது எவ்வளவு பலம்?

1991 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் யூட்டாவில் பதிவானது. ஒற்றைத் துகளின் ஆற்றல் சுமார் 51 ஜூல்: சுழற்பந்து வீச்சாளர் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வீசும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல், அணுக்கரு அளவே உள்ள ஒன்றில் அடங்கியிருந்தது. ஜெனீவாவின் மாபெரும் துகள் மோதுவிப்பான் ஒரு புரோட்டானுக்குக் கொடுப்பதைப்போல 4 கோடி மடங்குக்கும் மேல். ஒரு சதுர கிலோமீட்டரில் இத்தகைய துகள் ஒன்று விழ நூறு ஆண்டுக்கும் மேலாகும். அதனால்தான் பியர் ஓஜே ஆய்வகம் 3,000 சதுர கிலோமீட்டரில் சுமார் 1,600 தண்ணீர்த் தொட்டிகளைப் பரப்பி வைத்துக் காத்திருக்கிறது.

விநோதம் இனிமேல்தான். மேலே சொன்ன பின்னணிக் கதிர்வீச்சு, நமக்குச் சில்லென்று இருப்பது, இந்த வேகத்தில் ஓடும் புரோட்டானுக்கு எதிரே வரும் காமா கதிர் மாதிரி. மோதி மோதி ஆற்றல் கரையும். 1966இல் கிரெய்சனும், தனியே சாட்செபின், குஸ்மினும் இதைக் கணக்கிட்டார்கள். அதன்படி இவ்வளவு ஆற்றலோடு வந்து சேர்பவை சில பத்து கோடி ஒளியாண்டுக்குள்ளிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். 2021 மே 27 அன்று பிடிபட்ட 'அமதெராசு' துகள் வந்த திசையைப் பின்தொடர்ந்தால், திரள்களே அதிகம் இல்லாத வெற்றிடம். காந்தப்புலத்தின் வளைப்பு நினைத்ததைவிட அதிகமா, துகள் புரோட்டானாக இல்லாமல் கனமான அணுக்கருவா? வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

இதையெல்லாம் படித்து யாருக்கு என்ன பயன்?

பயனுக்காகத் தொடங்கியதல்ல. வந்தது வேறு. 2017இல் எகிப்தின் பெரிய பிரமிடுக்குள், ஒரு கல்லையும் பெயர்க்காமல், மியூவான் நிழலை வைத்தே 30 மீட்டர் நீளப் பெருவெற்றிடம் ஒன்றைக் கண்டார்கள். ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 கருவி, 2014 டிசம்பர் 1 அன்று இடிமேகம் கடந்தபோது மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்து மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததாகக் கணித்தது. அதற்குள் பலூன் விட்டு அளந்து மாளாது.

கரும்பொருளை யாரும் கண்டுபிடிக்கவே இல்லை. கணக்கு உதைத்ததை மறைக்கச் செய்த கற்பனைதானே?

நியாயமான கேள்வி. 1933இல் ஸ்விக்கி கோமா திரள்கூட்டத்தில் திரள்கள் ஓடும் வேகத்தைப் பார்த்து, தெரியும் பொருளின் ஈர்ப்பு இவற்றைக் கட்டி வைக்கப் போதாது என்றார். 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடாவின் ஓரத்தில் உள்ளவையும் வேகம் குறையாமல் சுற்றுவதைக் காட்டினார்கள். வேகம் புரியாதபோது இரண்டே வழி: கண்ணுக்குத் தெரியாத பொருள், அதாவது கரும்பொருள், இருக்கிறது, அல்லது ஈர்ப்பு விதி தவறு. வரலாற்றில் இரண்டும் வென்றிருக்கின்றன. யுரேனஸ் தடுமாறியபோது தெரியாத கோள் ஒன்றைக் கணித்தார்கள். 1846இல் நெப்டியூன் கிடைத்தது. புதன் தடுமாறியபோதும் அதே வைத்தியமாக 'வல்கன்' என்ற கோளைத் தேடினார்கள். அது இல்லவே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியையே மாற்றினார்.

இன்று பெரும்பாலோர் முதல் வழியில் நிற்பதற்குக் காரணம் ஒரே தடயம் அல்ல. 2006இல் விரிவாக ஆராயப்பட்ட 'தோட்டா' திரள்கூட்டத்தில் இரண்டு கூட்டங்கள் மோதிக் கடந்திருக்கின்றன. வாயு நடுவில் சிக்கி நிற்கிறது. ஆனால் பின்னாலிருந்து வரும் ஒளி வளைவதைப் பார்த்தால் எடை வாயுவோடு இல்லை, முன்னே கடந்து போயிருக்கிறது. பின்னணிக் கதிர்வீச்சின் ஏற்ற இறக்கங்களும் அதே அளவைத் தனியாகச் சொல்கின்றன: பிரபஞ்சத்தில் சாதாரணப் பொருள் 5 சதவீதம், கரும்பொருள் சுமார் 27. ஆனாலும் நிலத்தடிக் கருவிகள் பல பத்தாண்டுகளாகக் காத்திருந்தும் ஒரு துகளும் சிக்கவில்லை. எனவே 'கற்பனை' என்பதும் தவறு, 'கண்டுபிடித்தாயிற்று' என்பதும் தவறு.

கோட்பாட்டுக்காரர் ஒன்று சொல்கிறார், தொலைநோக்கி வேறொன்று சொல்கிறது. யாரை நம்புவது?

தொலைநோக்கியை என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அந்தச் சூரிய நியூட்ரினோவைப் பாருங்கள். கணக்கு தவறு என்றார்கள் சிலர், டேவிஸின் தொட்டி ஒழுகுகிறது என்றார்கள் சிலர். 2001–02இல் கனடாவின் சட்பரி ஆய்வகம் தீர்ப்புச் சொன்னது: இருவரும் சரி. நியூட்ரினோ வரும் வழியில் வகை மாறுகிறது; டேவிஸின் தொட்டிக்கு ஒரு வகையை மட்டுமே பிடிக்கத் தெரியும். தவறாக இருந்தது, நியூட்ரினோவுக்கு நிறையே இல்லை என்ற நம்பிக்கை. பெய்ன் விஷயத்திலோ கோட்பாடும் நோக்கும் சரியாகவே இருந்தன, தடையாக நின்றது ஒரு பெரியவரின் மனம்.

இப்போது நடக்கும் சண்டை விரிவு வேகத்தைப் பற்றியது. பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து கணக்கிட்டால், ஒவ்வொரு 32.6 இலட்சம் ஒளியாண்டு தூரத்துக்கும் நொடிக்குச் சுமார் 67 கி.மீ. விலகல். செஃபீட், சூப்பர்நோவா ஏணியில் ஏறி அளந்தால் 73. இரண்டு தரப்பும் சொல்லும் பிழை எல்லைகள் ஒன்றையொன்று தொடவில்லை. பாடே செய்தது போல ஏணியின் ஒரு படி ஆடுகிறதா, கோட்பாட்டில் ஏதோ விடுபட்டிருக்கிறதா என்று இரு பக்கமும் துருவுகிறார்கள். நான் பந்தயம் கட்டமாட்டேன். என் வயதுக்கு இரண்டு முறை தூரங்கள் மாறியதைப் படித்துவிட்டேன்.

பெரிய கருவி இல்லாத என் போன்றவர் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். 2007இல் தொடங்கிய கேலக்ஸி ஜூ திட்டத்தில் திரள்களின் படங்களை வகைபிரிக்கப் பொதுமக்களை அழைத்தார்கள். ஒரு டச்சுப் பள்ளி ஆசிரியை ஒரு திரளின் பக்கத்தில் விநோத ஒளித்திட்டு ஒன்றைக் கண்டு 'இது என்ன?' என்று கேட்டார். அருகில் இருந்த திரளின் கருந்துளை முன்பு கொழுந்துவிட்டபோது ஒளியூட்டிய வாயு மேகம் அது, நிபுணர்களுக்கே புதிது. காஸ்மிக் கதிரைப் பார்க்க ஆசையென்றால் கண்ணாடிப் பெட்டி, தூய ஆல்கஹால், உலர்பனி போதும். உள்ளே பனிமூட்டத்தில் துகள்கள் கிழித்துப்போகும் வெள்ளைக் கோடுகள் தெரியும். உலர்பனியை வெறுங்கையால் தொடாதீர்கள், அறையில் காற்றோட்டம் இருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

கருவியே வேண்டாம் என்பவர்களுக்கு, வடமகுடம் மண்டலத்தில் 'டி' என்று பெயரிட்ட நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஒரு வெள்ளைக் குள்ளன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம், பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை உறிஞ்சிச் சேர்த்து, நிறைந்ததும் மேற்பரப்பில் வெடிக்கும். அப்போது சில நாட்களுக்கு வெறுங்கண்ணுக்கே தெரியும். 1866இல் வெடித்தது, 1946இல் வெடித்தது. அடுத்தது எப்போது என்ற கழித்தல் கூட்டலை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.